மாணவர்களிடம் பான் எண் வாங்குவது: கேள்வி பதில்

மேலூர், கல்லூரி அலுவலர்: எந்த மாணவரிடமெல்லாம் பான் வாங்கணும்?
சார், யாருக்குத் தரும் பணத்தில் வரி பிடிக்க வேண்டுமோ அவரிடம் மட்டும். படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு, டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) கிடையாது. கல்லூரிக்கு இணையதளம் வடிவமைத்துத் தந்த மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் போனால் 10 சதவீதம். பான் தராவிட்டால் 20. கலைவிழாக் குலுக்கல் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம்.

திருமங்கலம், கணக்குப் பிரிவு: எண் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?
முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. ஜெராக்ஸில் 'ஓ'வா பூஜ்யமா என்று தெரியாவிட்டால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். தனிநபருக்கு நான்காவது எழுத்து 'பி'.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மாணவர் அப்பாவின் பானைக் கொடுத்தாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் அவரும் தனிநபர்தான். வருமான வரித் துறையின் டி.டி.எஸ். தளமான டிரேசஸில், கல்லூரியின் டான் (வரி பிடிப்பவருக்கான எண்) கணக்கில் நுழைந்து எண்ணைப் போட்டால் பெயரும் நிலையும் வரும். பெயர் மாணவருடையதா, பான் செயல்பாட்டில் இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். ஆதார் இணைக்காமல் செயலிழந்த பான், பான் இல்லாததற்குச் சமம்.

உசிலம்பட்டி, மாணவி: எனக்குப் பான் இல்லை. ஏஜென்ட் 500 ரூபாய் கேட்கிறார்.
கொடுக்காதேம்மா. 18 வயது முடிந்து, ஆதாரில் கைபேசி எண் இணைந்திருந்தால் வருமான வரித் தளத்தில் உடனடி இ-பான் இலவசம். மதுரை பீபீகுளம் வருமான வரி அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். சிறு வயதிலேயே வீட்டில் பான் எடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுப்பார். எடுத்திருந்தால் அதே எண்ணில் போட்டோ, கையெழுத்தைச் சேர்த்தால் போதும். புதிதாக இன்னொன்று எடுத்தால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம்.

மதுரை, மாணவர்: உதவித்தொகைக்குப் பான் தரணுமா?
வரிக்காக வேண்டியதில்லை. மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க தம்பி.

வாடிப்பட்டி: சேர்க்கையின்போதே எல்லாரிடமும் வாங்கி வைத்தால் பின்னால் துரத்த வேண்டாமே?
வேண்டவே வேண்டாம். முதலாண்டில் பலருக்கு 18 ஆகியிருக்காது, பானும் இருக்காது. கட்டாயப்படுத்தினால் அப்பாவின் எண்ணைத்தான் எழுதித் தருவார்கள். தேவையில்லாத பான், ஆதார் நகல்கள் அலுவலக அலமாரியில் குவிவதும் ஆபத்து. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவற்றைக் கேட்கவே கேட்காதீர்கள்.

வாடிப்பட்டி: காலாண்டு முடிவில் டி.டி.எஸ். அறிக்கைக்குப் பான் கேட்கும்போது மாணவன் ஊருக்குப் போய்விட்டால்? தாமதக் கட்டணம் நாங்கள்தானே கட்டணும்?
ஆமாம், நாளுக்கு 200 ரூபாய். அதனால்தான் பணம் தருவதற்கு முன்பே வாங்குங்கள் என்கிறேன். பான், அதில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, கையெழுத்து நான்கும் வவுச்சரிலேயே இருக்கட்டும். சரிபார்த்த பிறகு காசோலை. மூவாயிரம் பேரிடம் வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, பணம் வாங்க வரும் முப்பது பேரிடம் சரியாக வாங்குவது எளிது.

மேலூர், இன்னொருவர்: ஸ்காலர்ஷிப்புக்கு...
மூன்றாவது தடவை. வேண்டாம்.

திருமங்கலம், கணக்குப் பிரிவு: மாணவர் தந்த அப்பா பானில் ஏற்கெனவே அறிக்கை தாக்கல் செய்துவிட்டோம்.
பிடித்த வரி அப்பாவின் 26ஏஎஸ்ஸில் (அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம்) உட்கார்ந்திருக்கும். மாணவர் ரீஃபண்ட் கேட்க முடியாது. டிரேசஸில் அந்தக் காலாண்டுக்குத் திருத்த அறிக்கை போட்டு, மாணவரின் எண்ணை ஏற்றுங்கள். அது ஏற்கப்பட்ட பிறகு புதிய டி.டி.எஸ். சான்றிதழைப் பதிவிறக்கி மாணவரிடம் கொடுங்கள். பழையது செல்லாது என்று அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.