மகன் ஹீற் பம்ப் பூட்டும் வேலைக்குப் போகட்டுமா? ஸ்காபரோ அம்மா ஒருவருக்கு

அன்புள்ள அக்கா,

நேற்றுப் பின்னேரம் கதைத்தபோது நீங்கள் கடைசியாகக் கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இவ்வளவு பாடுபட்டு இந்த நாட்டுக்கு வந்தது, பிள்ளை ஆரோ ஒருத்தரின்ர பேஸ்மென்றில குனிஞ்சு நிக்கவோ?" அவசரத்தில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க மனம் வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உங்கள் மகன் கேட்பது "ஏதோ ஏசி வேலை" அல்ல. ஒன்ராறியோவில் அதற்கு 313ஏ என்று ஒரு தொழில் இலக்கம் இருக்கிறது. குளிரூட்டும், வளிச்சீராக்கும் இயந்திரங்களைப் பூட்டுவதும் திருத்துவதும் அந்தத் தொழில். ஹீற் பம்ப்பும் அதற்குள் வருகிறது. பிளம்பர், எலெக்ட்ரீசியன் போல இதற்கும் சான்றிதழ் கட்டாயம். பதிவு செய்த பயிலுநராகவோ சான்றிதழ் பெற்றவராகவோ இல்லாத ஒருவர் இந்த வேலையைச் செய்வது சட்டத்துக்கு மாறு. கண்டவரும் உள்ளே வர முடியாத தொழில் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

ஹீற் பம்ப் என்றால் என்ன என்றும் கேட்டீர்கள். கோடையில் ஏசி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதே இயந்திரத்தில் ஒரு வால்வு வைத்து, குழாய்க்குள் ஓடும் வாயுவின் திசையைத் திருப்பினால், குளிர்காலத்தில் வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். மைனஸ் 10 பாகையிலும் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் இருக்கிறது. மிதமான குளிரில் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் அது இரண்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கும். காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எரித்ததை விடக் கூடத் தராது.

இந்த வேலையின் பாரம் புதுவீட்டில் தெரியாது, பழைய வீட்டில்தான் தெரியும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுடையது போல அதுவும் 1950-களில் கட்டிய பங்களோ. ஏசி பழுதாகிப்போனது, ஹீற் பம்ப் போடலாம் என்று விலை கேட்டேன். முதலில் வந்தவர் பேஸ்மென்றுக்கு இறங்கி, ஃபேர்னஸில் ஒட்டியிருந்த லேபிளை வாசித்தார். 80,000 பிரியூ, அது எவ்வளவு வெப்பம் தரும் என்ற அளவு. "பெரிசாகவே போடுவம்" என்று 5 தொன் இயந்திரத்துக்கு விலை எழுதித் தந்துவிட்டுப் போனார். இந்தத் தொன் எடையல்ல, இயந்திரத்தின் பலத்தின் அளவு. இருபது நிமிடம்கூட நிற்கவில்லை.

அடுத்த கிழமை வேறு இடத்திலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கும், அவரோடு பயிலுநராக ஒரு பிள்ளையும் வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு 22 வயது இருக்கும். யன்னல் ஒவ்வொன்றையும் அளந்தாள். கூரைக்குள் ஏறி வெப்பக்காப்பு எத்தனை அங்குலம் கிடக்கிறது என்று பார்த்தாள். பிறகு வீடு முழுக்கக் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாயான டக்ற்றில் சின்னத் துளையொன்று போட்டு, அழுத்தமானியின் குழாயைச் செருகிவிட்டு, "0.9 காட்டுது. இது 0.5 அங்குலத்துக்குத்தான் செய்தது" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். டக்ற் ஒடுக்கம், அதனால் காற்றின் அழுத்தம் இப்போதே அளவுக்கு மேல். ஃபேர்னஸ் விடும் காற்று 50, 60 பாகைச் சூடு. கொஞ்சக் காற்றே போதும், ஒடுக்கமான டக்ற்றிலும் சமாளிக்கும். ஹீற் பம்ப்பின் காற்று 35, 40 பாகைதான். அதே வெப்பத்தைக் கொண்டுவரக் கூடுதல் காற்று ஓட வேண்டும், ஒரு தொன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி. அந்த 5 தொன் இயந்திரத்தைப் பூட்டியிருந்தால் வீடு முழுக்க இரைச்சலாக இருந்திருக்கும். கடைசி அறைக்குச் சூடு போயிருக்காது. கொம்பிறெசர் நின்று நின்று ஓடிக் கெதியில் பழுதாகியிருக்கும். அவர்கள் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் பார்த்து 3 தொன் போதும் என்றார்கள். ஃபேர்னஸுக்குத் திரும்பி வரும் காற்றின் டக்ற்றைப் பெருப்பித்தார்கள். அந்தப் பிள்ளை செய்ததை "கைவேலை" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பங்களோக்களிலாவது டக்ற் இருக்கிறது. ரொறன்ரோவின் ரிவர்டேல், கபேஜ்ரவுன் பக்கம் நூறு வருடத்துச் செங்கல் வீடுகளில் பல, சுடுதண்ணீர் ஓடும் ரேடியேற்றரால் சூடாகின்றன, டக்ற்றே இல்லை. அங்கே சுவரில் மாட்டும் டக்ற் இல்லாத வகையைப் போடுவதா, தண்ணீரைச் சூடாக்கும் வகையைப் போடுவதா, பழைய பொயிலரையும் துணைக்கு வைத்திருப்பதா என்று வீட்டுக்கு வீடு யோசிக்க வேண்டும். மின் பேனல் 60 அம்ப் அல்லது 100 அம்ப்பாக இருக்கும். அது தாங்குமா என்று பார்த்து, பேனல் மாற்ற வேண்டுமென்றால் லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கொன்ராக்டரைக் கூப்பிட வேண்டும். இரண்டு வீட்டுக்கு இடையில் ஒடுங்கிய சந்து. வெளி யூனிற்றைப் பனி மூடாத உயரத்தில் வைக்க வேண்டும். பனி உருகி வடியும் தண்ணீர் நடைபாதையில் உறையவும் கூடாது, அயலவர் யன்னலுக்குச் சத்தம் போகவும் கூடாது. இதையெல்லாம் ஒருவர் நேரில் வந்து நின்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். "கொம்பியூட்டர் எல்லா வேலையையும் பிடிச்சிடும்" என்று பயப்பட்டீர்களே, அந்தப் பயம் இந்த வேலைக்கு மிகக் குறைவு.

கடைகளையும் மறக்காதீர்கள். நாங்கள் சாமான் வாங்கும் பிளாசாக்களின் கூரையில் வரிசையாக நிற்கும் பெட்டிகள் எல்லாம் இந்தத் தொழிலாளர் பூட்டியவை. பலசரக்குக் கடையின் குளிரறையும் 313ஏ-க்குள்தான். வீட்டு வேலைக்கு மட்டுமான 313டி என்று சுருக்கமான வழியும் இருக்கிறது. சிலர் கெதியில் முடியும் என்று அதைச் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு நான் 313ஏ-ஐத்தான் சொல்வேன்; வீட்டு வேலை குறையும் மாதங்களில் கடைவேலை கைகொடுக்கும்.

இனிப் பாதை. மொத்தம் 9,000 மணித்தியாலம், ஏறத்தாழ ஐந்து வருடம். அதில் 8,280 மணித்தியாலம் சம்பளத்தோடு வேலைத்தளத்தில். 720 மணித்தியாலம் வகுப்பில், எட்டு எட்டுக் கிழமையாக மூன்று முறை. வகுப்புக்குப் போகும் காலத்தில் தகுதி இருந்தால் ஈஐ என்ற வேலையின்மைக் காப்புறுதிப் பணம் எடுக்கலாம். ஒவ்வொரு வகுப்புக் காலத்துக்கும் 4,000 டொலர் வரை மத்திய அரசின் வட்டியில்லாக் கடனும் இருக்கிறது. முடிவில் சோதனை, 70 புள்ளி வேண்டும். சான்றிதழில் ரெட் சீல் என்ற முத்திரை கிடைத்தால் வேறு மாகாணங்களிலும் செல்லும். இடையில் குளிர்வாயு கையாளும் ஓடிபி அட்டை வேண்டும். பல வீடுகளில் காஸ் ஃபேர்னஸும் ஹீற் பம்ப்பும் சேர்ந்து ஓடுவதால், காஸ் லைசன்ஸான ஜி2-வையும் எடுத்தால் முதலாளிமார் அவனைக் கைவிடமாட்டார்கள்.

மகன் இப்போது 12-ஆம் வகுப்பு என்பதால் பள்ளிக்கூடத்தில், படிக்கும்போதே தொழில் பயிலத் தொடங்க உதவும் ஓயாப் திட்டத்தின் ஆசிரியரை இந்தக் கிழமையே சந்திக்கட்டும். ஜோர்ஜ் பிறவுண் கொலிஜின் காசா லோமா வளாகத்தில் இதற்கு இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. பிறம்ரனில் தொழிற்சங்கமான யூஏ லோக்கல் 787-இன் பயிற்சி நிலையம் இருக்கிறது. கொலிஜுக்குப் போய்விட்டு வந்தால் வேலை தேடுவது சுகம், ஆனால் கொலிஜ் சான்றிதழ் லைசன்ஸ் ஆகாது. கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அழுத்தம், வெப்பநிலை, ஓம் விதி எல்லாம் தினமும் வரும்.

அக்கா, என் கவலை வேறு இடத்தில்தான். பயிலுநராகச் சேர ஒரு முதலாளி ஸ்பொன்சர் பண்ண வேண்டும். அந்த முதலாளி யார் என்பதில்தான் பிள்ளையின் ஐந்து வருடமும் இருக்கிறது. "முதல்ல கொஞ்ச நாள் காசாகத் தாறன், பிறகு பதிவோம்" என்பவரிடம் போனால் அந்த மணித்தியாலங்கள் கணக்கில் வராது. இரண்டு வருடம் அப்படி உழைத்துவிட்டு ஒரு மணித்தியாலமும் பதியப்படாமல் என்னிடம் வந்த பெடியன்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

"எச்விஏசி வேலை", அதாவது சூடாக்கும், குளிராக்கும் வேலை என்று சொல்லிக் கையில் ரப்லெற்றைக் கொடுத்து விற்பனைக்கு அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. ஃபேர்னஸ், ஏசியை வாசல் வாசலாகப் போய் விற்பது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. வாடகை ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கி, வீட்டு உறுதியில் பொறுப்புப் பதிந்து, எங்கள் வயதானவர்கள் எத்தனையோ பேரை அழவைத்த கதை உங்களுக்கும் தெரியும். 2024 ஜூனில் அந்தப் பதிவையும் தடை செய்தார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை விற்கச் சொல்லும் இடத்துக்குப் பிள்ளை ஒரு நாளும் போகக் கூடாது.

நல்ல இடத்தை எப்படி அறிவது? நேர்முகத்தில் மகனே கேட்கட்டும்: வெப்ப இழப்புக் கணக்குப் போடுவீங்களா? குழாய் ஒட்டும்போது நைதரசன் விடுவீங்களா? குழாய்க்குள் இருக்கும் காற்றை எத்தனை மைக்ரோன் வரை இழுப்பீங்க? மைக்ரோன் என்பது உள்ளே மிஞ்சும் அழுத்தத்தின் அளவு, குறையக் குறைய நல்லது. 500 என்றோ அதற்குக் கீழே என்றோ பதில் வந்தால் நல்ல இடம்; அப்படிப்பட்டவர்கள் இவன் கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்கள். சிரித்துத் தட்டிக்கழித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

அரசாங்கக் காசு நின்றால் வேலையும் நிற்குமா என்று அண்ணை பின்னால் இருந்து கேட்டது எனக்குக் கேட்டது. உதவித்தொகைகள் வரும், போகும். 2021-இல் வந்த மத்திய அரசின் 5,000 டொலர் திட்டம் 2024-இல் புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஜனவரியில் மாகாணம் வேறொன்றைத் தொடங்கியது. ஆனால் ஏசிகள் பதினைந்து, இருபது வருடத்தில் எப்படியும் பழுதாகும். மாற்றும்போது ஏசி வைத்தாலும் ஹீற் பம்ப் வைத்தாலும் பூட்டுவது அதே ஆள்தான்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஜனவரிக் காற்றில் கூரையில் நிற்க வேண்டும், ஜூலையில் பரணுக்குள் தவழ வேண்டும். இரவில் அழைப்பு வரும். முதல் வருடச் சம்பளம் குறைவு. முதுகையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ளாவிட்டால் நாற்பதில் தெரியும். அதனால்தான் வெப்ப இழப்புக் கணக்கு, டக்ற் வடிவமைப்புப் பாடங்களையும் மெல்ல மெல்ல எடுக்கச் சொல்கிறேன். நாளைக்கு வரைபடம் போடும் மேசைக்கும் அவன் போகலாம்.

வாற சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அண்ணையும் வரட்டும். வருவதற்கு முன் நீங்களும் அவனும் உங்கள் பேஸ்மென்றுக்கு இறங்கி, ஃபேர்னஸின் லேபிளையும் மின் பேனலையும் படம் எடுங்கள். வீட்டு யன்னல்களை அவன் அளந்து எழுதட்டும். அளவு நாடாவின் மற்றத் தலைப்பை நீங்கள் பிடியுங்கள்.