அடுப்பு தெரியும் இடத்தில் உட்காருங்கள்

நண்பருடன் முதன்முறையாக அருகிலுள்ள துருக்கி உணவகத்துக்குப் போகிறேன், எதைக் கேட்டுச் சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உணவின் பெயருக்கு முன்னால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: கரியடுப்பு கண்ணுக்குத் தெரியும் மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

நான் வட லண்டனில், ஹாரிங்கேயின் கிரீன் லேன்ஸ் சாலைக்கு அருகில் வசிக்கிறேன். சைப்ரஸ் தீவின் கிரேக்கரும் துருக்கியரும் முன்பே குடியேறி, பின்னர் துருக்கியிலிருந்து குர்து மக்களும் வந்து சேர்ந்த பகுதி அது. அங்குள்ள உணவகங்கள் பலவற்றின் பலகையில் 'ஒஜக்பாஷி' என்ற சொல்லைக் காணலாம். அடுப்பின் பக்கம் என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப, புகைக்கூண்டின் கீழ் நீண்ட கரியடுப்பை எல்லோரும் பார்க்கும்படி அமைத்திருப்பார்கள்.

சென்ற குளிர்காலத்தில், துருக்கியின் அதானா நகரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட நண்பர் ஒருவர் என்னை அப்படியோர் இடத்துக்கு அழைத்துப் போனார். நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே ரொட்டியும், காரமான தக்காளித் துவையல் போன்ற எஸ்மேயும், தணலில் சுட்டு மாதுளைச் சாற்றுப் பாகில் ஊறவைத்த வெங்காயமும் வந்தன. அந்த வெங்காயத்தைச் சுவைத்தாலே சமையற்காரரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும் என்றார் நண்பர். ஓரம் கருகி, உள்ளே இனிப்பேறி, புளிப்பும் புகைமணமும் ஒன்றாகக் கலந்திருந்த அதன் சுவையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதானா கெபாப்பைக் கட்டாயம் கேளுங்கள். பிறைபோல் வளைந்த பெரிய கத்தியால் ஆட்டிறைச்சியையும் வால் கொழுப்பையும் கையாலேயே கொத்தி, சிவப்பு மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, அகலமான தட்டைக் கம்பியில் பிடித்துச் சுடுவதுதான் அதன் முறை. கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழும் புகைதான் அதற்கு மணம் தருகிறது. எந்திரத்தில் அரைத்துக் குழைந்துபோன இறைச்சியில் அந்த மென்மையும் கடிபதமும் ஒருசேர அமைவதில்லை. உஸ்தா, அதாவது அடுப்பைக் கவனிக்கும் தலைமைச் சமையற்காரர், அவ்வப்போது மெல்லிய ரொட்டியைக் கம்பியின்மேல் அழுத்தி எடுப்பார். இறைச்சிச் சாறு ஊறிய அந்த ரொட்டியை ஆறவிடாமல் சாப்பிட்டுவிடுங்கள். காரம் குறைவாக வேண்டுமானால் உர்ஃபா கெபாப் இருக்கிறது. இறைச்சி உண்ணாதவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த சிவப்புப் பருப்பு சூப் நிறைவைத் தரும். குடிப்பதற்கு உப்பிட்ட மோரான அய்ரான் போதும்.

கடைசியில் இனிப்புக்குக் குனேஃபே வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேமியா போன்ற மெல்லிய இழைகளுக்கு நடுவே உப்பில்லாத பாலாடைக்கட்டியை வைத்து, கேட்ட பிறகே முறுகச் சுட்டுப் பாகு ஊற்றித் தருவார்கள். ஆறினால் பாலாடைக்கட்டி இறுகிவிடும்.

புறப்படும்போது நண்பர் அடுப்பருகே நின்று, "எலினே சாலிக்" என்று உஸ்தாவிடம் சொன்னார். 'உங்கள் கைக்கு நலம் உண்டாகட்டும்' என்று பொருள். நானும் அதைச் சொன்னேன். வியர்வை வழிந்த முகத்தோடு அவர் நெஞ்சில் கைவைத்து ஏற்றுக்கொண்ட விதம் என்னை நெகிழச் செய்தது.

நண்பருடன் போவதால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆளுக்குப் பாதியாகப் பணம் கொடுப்பதைத் துருக்கி மொழியில் 'ஜெர்மானிய முறை' என்பார்கள். அழைத்தவரே கொடுப்பதுதான் அவர்களுடைய வழக்கம். அன்று என் நண்பர் என்னைக் கொடுக்க விடவில்லை. அடுத்த மாதம் அதே மேசைக்கு நான் அவரை அழைத்தேன்.