சுருள் பல் மீன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த பழைய படப்புத்தகத்தில், ஹெலிகோப்ரியான் என்ற மீன் கீழ்த்தாடை நுனியில் வட்ட ரம்பம் ஒன்றைத் தொங்கவிட்டபடி நீந்துகிறது. இணையத்தில் தேடினால் ரம்பம் வாய்க்குள்ளே இருக்கிறது. வேறொரு படத்தில் மேல்தாடையே துதிக்கைபோல மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. “இதில் எதுப்பா பொய்?” என்று கேட்கிறாள். ஒரே மீனை இத்தனை விதமாக வரைபவர்களின் பேச்சை எப்படி நம்புவது?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

மூன்று படங்களிலும் அந்தப் பல் சுருள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். கல்லில் கிடைத்தது அதுதான். மாறிக்கொண்டே வந்தது, அதை மீனின் உடலில் எங்கே பொருத்துவது என்னும் ஊகம்.

சுறாப்புட்டுக்காக வெந்த சுறாவை உதிர்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அதில் கையைக் குத்தும் முள் இருக்காது. நடுவில் வளைந்துகொடுக்கும் குருத்தெலும்புதான் இருக்கும். ஹெலிகோப்ரியானின் எலும்புக்கூடும் அத்தகையதே. சுமார் 29 கோடி முதல் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலக் கடல்களில் வாழ்ந்த இம்மீன் இறந்ததும் குருத்தெலும்பு பெரும்பாலும் அழிந்துபோக, கைமுறுக்குபோலச் சுற்றிய பல் வரிசை மட்டும் பாறையில் தங்கியது. உரால் மலைப் பகுதியில் கிடைத்த அப்படியொரு சுருளை வைத்து, 1899இல் ரஷ்யப் புவியியலாளர் அலெக்சாண்டர் கார்பின்ஸ்கி இதற்குப் பெயர் சூட்டினார். சுருள், ரம்பம் என்னும் பொருள்கொண்ட இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர் அது. நீங்கள் பார்த்த துதிக்கைப் படத்தின் மூலம் அவருடைய ஊகமே. பின்னர் சிலர் சுருளை முதுகுத் துடுப்பிலும் வாலிலும்கூட வைத்துப் பார்த்தனர். இன்று சிரிப்பு வரலாம். ஆனால் உடலே இல்லாமல் பல் மட்டும் கையிலிருக்கும்போது வேறென்ன செய்வது?

வழக்கு ஒரு முடிவை நோக்கி நகர்ந்தது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாறைகளால். அங்குள்ள ஃபாஸ்பேட் படிவுகளில் கிடைத்த ஒரு மாதிரியில், 23 செ.மீ. குறுக்களவுள்ள சுருளில் 117 பற்கள் இருந்தன. அதைவிட முக்கியமாக, தாடையின் குருத்தெலும்பும் கல்லுக்குள் எஞ்சியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பெண்டிக்ஸ்-ஆல்ம்கிரீன் 1966இல் அதை விவரித்து, சுருள் கீழ்த்தாடைக்கு உரியது என்றார். லைஃப் டபனிலாவின் குழு அதே கல்லை சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே மறைந்திருந்த தாடைகளைக் கணினியில் முப்பரிமாணமாக மீட்டெடுத்து, 2013இல் வெளியிட்ட முடிவின்படி, சுருள் தாடை நுனியில் தொங்கவில்லை. கீழ்த்தாடையின் முழு நீளத்தையும் நிரப்பிக்கொண்டு, வாய்க்குள் நட்டநடுவே நின்றது. வாய் மூடும்போது முன்பற்கள் இரையைக் கொக்கிபோல இழுக்க, நடுப்பற்கள் கிழிக்க, பின்பற்கள் தொண்டைப் பக்கம் தள்ளின. மேல்தாடையில் எதிர்ப்பல் கிடையாது. கணவாய் போன்ற மெல்லுடல் உயிர்களே இரையாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எனக்குப் பெரிதும் பிடித்த செய்தி வேறு. சுறாவுக்குப் பழைய பல் விழுந்து புதிய பல் வரும். இந்த மீனோ ஒரு பல்லையும் உதிர்க்காமல், தாடையின் பின்பக்கத்தில் முளைக்கும் பெரிய பற்கள் தள்ளத் தள்ள, பழையவற்றை முன்னே உருட்டிக் கீழே சுருட்டி வைத்துக்கொண்டது. ஆகவே சுருளின் மையத்தில் உள்ள பொடிப் பற்கள் அது குஞ்சாக இருந்தபோது முளைத்தவை. உங்கள் மகளிடம் அந்த மையத்தை விரலால் தொடச் சொல்லுங்கள். இன்னொன்று: பல புத்தகங்கள் இதைச் சுறா என்கின்றன; அந்த ஸ்கேனில் தெரிந்த தாடையமைப்பு, இதைச் சுறாக்களின் தூரத்து உறவான, குருத்தெலும்பு கொண்ட கைமேரா மீன்களின் கூட்டத்தில்தான் சேர்க்கிறது.

எனவே அவள் கேள்விக்கு என் பதில்: எதுவும் பொய்யில்லை, தாடை நுனிப் படமும் துதிக்கைப் படமும் இடம் தவறியவை. படப்புத்தகங்களின் மீது எனக்குள்ள குறை, கல்லில் கண்டதையும் ஊகித்ததையும் ஒரே அழுத்தமான கோட்டில் வரைந்துவிடுவது. வாய்க்குள் ரம்பம் உள்ள புதிய படத்திலும் துடுப்பு, வால், தோலின் நிறம் எல்லாம் ஊகமே. ஹெலிகோப்ரியானின் உடல் இதுவரை கிடைக்காததால், காசியோடஸ், ஃபடேனியா போன்ற உறவுமீன்களின் உடலைக் கடன் வாங்கித்தான் வரைகிறார்கள்.