பாதி விலை மலையேற்ற ஷூவை வாங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்கள் சேர்ந்து இராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறிவிட்டு, பிறகு அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் நடக்க எண்ணியிருக்கிறோம். என் கையில் 5,000 ரூபாய். ஆன்லைனில் மலையேற்ற ஷூ பாதி விலைக்குக் கிடைக்கிறது. மீதியில் ஜாக்கெட் வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ஜாக்கெட்டை விட்டுவிடுங்கள். இராயக்கோட்டைப் பாறை வெயிலில் அதைச் சுமக்கத்தான் வேண்டியிருக்கும். பணம் காலுக்குப் போகட்டும்.

ஆனால் அந்தப் பாதி விலையைச் சந்தேகியுங்கள். பல மலையேற்ற ஷூக்களின் நடு அட்டை, அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையே மெத்தைபோல இருக்கும் பகுதி, பாலியூரித்தேன் நுரையால் ஆனது. பெட்டியிலேயே கிடந்தாலும் காற்றின் ஈரம் பட்டுச் சில ஆண்டுகளில் அது சிதைந்துவிடும். மேலுக்குப் புத்தம் புதிதாக இருக்கும்; மலையில் ஏறியதும் சோல் வாயைப் பிளக்கும். பெட்டியில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலோ, பழைய சரக்கு என்றாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கட்டைவிரலால் நடு அட்டையை அழுத்துங்கள். வெடிப்போ, விரலில் ஒட்டும் பொடியோ தெரிந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடப்போகும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். கடைப் படியில் இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் அடுத்த அளவு கேளுங்கள். காலைப் பதம் பார்ப்பது ஏற்றமல்ல, இறக்கம். இந்த வாரமே வாங்கித் தினமும் நடந்தால் கொப்புளமும் தெரியும், குறையும் தெரியும். திருப்பித் தர அவகாசமும் இருக்கும்.

தண்ணீர், டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கட்டுத்துணி இவற்றுக்குப் பெரிய செலவில்லை. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்செட்டி வேறு விஷயம். அது யானைக் காடு; வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியும் வருவார். பணம் கட்டுங்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்தால், முதலில் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய ஷூவின் சோல் மூன்றாம் வாரமே பிரிந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், அரூர்

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் திருப்பித் தரும் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உங்களுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. பிரிந்த சோலைப் படமெடுத்து, கடைக்கு இன்றே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.