கடன் கேள்வி-பதில்: கிழமைத் தவணை, மாதச் சம்பளம்

லோன் எடுத்தேன், கூடுதலாக வாங்குகிறார்கள் போலிருக்கிறது. இது நியாயமா? (தலவாக்கலை)

எவ்வளவு எடுத்தீர்கள், எத்தனை மாதம், தவணை என்ன? ஒன்றையும் எழுதாமல் நியாயம் கேட்டால் நான் சாஸ்திரமா பார்ப்பது? ஒப்பந்தத்தின் பிரதியைப் பார்த்து மறுபடி எழுதுங்கள். பிரதி வாங்கவில்லை என்றால் முதலில் அதைப் போய் வாங்குங்கள்.

கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) கறுப்புப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். எப்படி நீக்குவது? (ஹட்டன்)

அப்படியொரு பட்டியலே கிரிப்பில் கிடையாது. இருப்பது கடன் வரலாறு. காசு வாங்கிக்கொண்டு அதை அழித்துத் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர்.

மூன்று கம்பனியில் குழுக்கடன். கிழமைக்கு 3,500 ரூபா கட்டுகிறேன். பிடிப்புப் போகக் கைக்கு வருவது மாதம் 22,000 அளவில். நாலாவது கடன் எடுத்து மூன்றையும் அடைக்கலாமா? (மஸ்கெலியா வாசகி)

வேண்டாம் அம்மா. மூன்றையும் அடைக்கிற தொகையைக் குழுக்கடனில் எவரும் தரமாட்டார்கள். ஒன்று அடைபடும், மிச்சம் வீட்டுச் செலவில் கரையும், புதிதும் சேர்ந்து தவணை அட்டை மூன்றாகவே நிற்கும். இப்போதே மாதம் 15,000 தவணைக்குப் போகிறது.

இது என் பழைய கோபம். கிழமைத் தவணை வங்காளதேசத்துக் கிராமின் வங்கி வழி வந்த முறை. தினமும் சில்லறை புரளும் சின்ன வியாபாரிக்கு அது சரி. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்க் கொழுந்து பறித்து, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சம்பளம் வாங்குகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை 1,200 ரூபா எங்கிருந்து வரும்? பக்கத்துக் காம்பராவில் கைமாற்று, அப்புறம் தோடு அடகு, அப்புறம் அடுத்த கம்பனி.

ஒரு லயத்தில் நானே பார்த்தேன். வசூலிக்க வந்த பையன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். குழுக்கடனில் ஒருவருக்கொருவர் பிணை; பத்துப் பேர் காசும் சேரும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. பத்தாவது பெண்ணின் தவணைக்காக இன்னொருத்தி பால்மா டின்னைக் கவிழ்த்து நாணயம் எண்ணினாள். கங்காணி காலத்தில் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதிய கடனைத் தீர்த்தால்தான் ஆள் தோட்டம் மாறலாம். 1921இல் துண்டு ஒழிந்தது. இப்போது அட்டை.

வட்டியையும் பாருங்கள். 50,000 வாங்கி, 52 கிழமை 1,200 கட்டினால் 62,400. ‘24 வீதம்தான்’ என்பார்கள். கட்டக் கட்டக் குறையும் முதலுக்குக் கணக்குப் போட்டால் வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டும்.

செய்ய வேண்டியது: மிச்சம் குறைவான கடனை முதலில் முடியுங்கள். மற்ற இரண்டையும் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைத்து முறையிடுங்கள்.

தவணை தவறினால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டுகிறார்கள். (பொகவந்தலாவை)

கடன் கட்ட முடியாதது சிவில் விவகாரம். அதற்காகப் பொலிஸ் கைது செய்யாது. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு.

2018இல் நுண்கடன் தள்ளுபடி செய்தார்களே, நமக்கும் உண்டா? (பதுளை)

அது வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடனுக்கு. நம் பக்கம் அதில் இல்லை. அதை நம்பித் தவணையை நிறுத்தியிருந்தால் உடனே போய்ப் பேசுங்கள்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து நகை மீட்கலாமா? (அப்புத்தளை)

முடியாது. 30 வீதம் வரை முன்கூட்டி எடுப்பது வீட்டுக் காரியத்துக்கும் வைத்தியத்துக்கும்தான். அதற்கும் பத்து வருடச் சேவையும் கணக்கில் மூன்று இலட்சமும் வேண்டும்.

மச்சான் ஆட்டோ லீசிங்குக்குப் பிணை கேட்கிறார். (பண்டாரவளை)

அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட முடியுமா? முடியாதென்றால் கையெழுத்தும் வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால், மறுபடியும் சொல்கிறேன், பிரதி வாங்குங்கள்.

தோட்டத்தில் தீபாவளி முற்பணம் எடுக்கலாமா? (நோர்வூட்)

எடுங்கள், நுண்கடன் கம்பனிக் கடனுக்கு இது மேல். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று செக்ரோல் (சம்பளப் பதிவேடு) கிளாக்கரிடம் கேட்டு, அட்டைத் தவணையையும் கூட்டிப் பார்த்த பிறகு.