எட்டு மாதக் குழந்தை வெளுத்துத் தெரிகிறாள், தாய்ப்பாலை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்மண்டையில் முடி உதிர்கிறது, பல் இன்னும் முளைக்கவில்லை, ரெண்டு நாள் பச்சையாக ஆய் போனாள் என்று கடிதத்தில் வரிசையாக எழுதியிருந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றே ஒன்றுதான், என் பாலில் சத்தில்லாமல்தான் என் பொண்ணுக்கு ரத்தம் குறைந்துவிட்டதோ என்ற பயம். முடி, பல், பச்சை மலம் மூன்றுமே இந்த வயதில் சாதாரணம், விட்டுவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறச் சொன்ன வீடியோவையும் விட்டுவிடுங்கள், அதைப் போட்டவர் உங்கள் குழந்தையைக் கண்ணால் பார்த்ததில்லை.

தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பது உண்மைதான், லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இருக்காது. எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான். நீங்கள் தினமும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சாப்பிடுவது உங்கள் உடம்புக்கு நல்லது, ஆனால் அதனால் பாலில் இரும்பு கூடாது. முதல் ஆறு மாதத்தைக் குழந்தை ஓட்டுவது வயிற்றுக்குள் இருக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த இரும்பை வைத்து, அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேரும். இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், 2.1 கிலோ, அப்போது கொடுத்த இரும்புச் சொட்டு மருந்தை வயிற்றுக்கு ஒத்துக்காது என்று வீட்டில் நிறுத்திவிட்டோம்’ என்று. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. சீக்கிரம் பிறந்த குழந்தை அந்தக் கடைசி மாதங்களின் சேமிப்பு இல்லாமலே வருகிறது, அது தீர்ந்துபோகும் என்று தெரிந்துதான் அந்த மருந்தை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். குறை உங்கள் பாலில் இல்லை.

குழந்தை கலராகி வருகிறாள் என்று பாட்டி சந்தோஷப்படுகிறார் என்கிறீர்கள். முகத்தின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், உள்ளங்கையைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், குழந்தை அழாமல் இருக்கும்போது, கையைப் பக்கவாட்டில் மெதுவாகப் பிடித்து விரியுங்கள். விரல்களைப் பின்பக்கம் வளைத்து இழுக்கக் கூடாது, இழுத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு எந்தக் குழந்தையின் கையும் வெளுத்துத்தான் தெரியும். அதன் பக்கத்தில் உங்கள் கையையும், வீட்டில் நல்ல ஆரோக்கியமாக இருக்கும் இன்னொருவர் கையையும் வைத்து ஒப்பிடுங்கள். காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தாலோ, பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாலோ, விளையாட்டில் நாட்டமில்லாமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். லேசாக வெளுத்திருந்தாலும், ஏன், சிவப்பாகவே இருந்தாலும், உங்கள் குழந்தை பிறந்த விதத்துக்கு இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, முழு ரத்த அணுக்கள் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த முடிவு வருவதற்குள் நாத்தனார் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் இரும்பு டானிக்கைத் தினமும் ஒரு மூடி ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் இருக்கும் இரும்பும் சிரப்பில் ஒரு மில்லியில் இருக்கும் இரும்பும் ஒன்றில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளவைக் குழந்தையின் எடையை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். இரும்பு அதிகமானால் அது விஷம். கர்ப்பத்தில் உங்களுக்குக் கொடுத்த சத்து மாத்திரை மிச்சமிருந்தால் அதையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், தவழ்கிற குழந்தைக்குக் கலர் மாத்திரை என்றால் மிட்டாய்தான்.

அப்புறம் சாப்பாடு. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் பருப்புத் தண்ணீர், சாயங்காலம் பசும்பாலில் கரைத்த பிஸ்கட் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரும்பு எங்கே இருக்கிறது? கேழ்வரகில் கொஞ்சம் உண்டு, ஆனால் உடம்பில் ஏறுவது அதிலும் கொஞ்சம்தான். முளைகட்டி அரைத்தால் பரவாயில்லை. பருப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருப்பைக் கொடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக, பருப்பும் கீரையும் சோறும் சேர்த்து மசித்து, ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், அந்தப் புளிப்பு இரும்பை உறிஞ்ச உதவும். நீங்கள் கறி சாப்பிடுகிற குடும்பம், அதனால் ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை. வாரம் ஒருநாள் கோழி ஈரலை நன்றாக வேகவைத்து நசுக்கி ஒன்றிரண்டு டீஸ்பூன் சோற்றில் பிசைந்து கொடுங்கள், மற்ற நாளில் முள் எடுத்த மீன், மைய அரைத்த கறி. செடியிலிருந்து வரும் இரும்பைவிடக் கறியில் இருப்பது சுலபமாக ஏறும். பீட்ரூட் சிவப்பு வெறும் நிறம்தான். பேரீச்சை சிரப் பெரும்பாலும் சர்க்கரை. பசும்பாலை ஒரு வயது வரை குடிக்கக் கொடுக்காதீர்கள், அதில் இரும்பும் மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்காகத்தான் இந்த வயதுக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்பு சிரப்பை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் அந்த அளவு பத்தாது, டாக்டர் தினசரி மருந்து எழுதுவார், பெரும்பாலும் மூன்று மாதம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயந்துபோய் இந்தத் தடவையும் நிறுத்திவிடாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் சாப்பிட வேண்டிய இரும்பு மாத்திரையை நீங்கள் ஒரு மாதத்தோடு விட்டுவிட்டதாகவும், படியேறினால் மூச்சு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் போகும் அன்றே உங்களுக்கும் எடுத்துவிடுங்கள்.