எஸ்தர் ராணியும் எலுமிச்சை அளவு கம்பளிப்பூச்சியும்: பழைய இங்கிலாந்துப் பட்டுத் தையல், கேள்வி பதில்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைபிள் காட்சிகளைப் பட்டு நூலால் தைத்தார்களே, அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

இது ஸ்டம்ப்வொர்க் என்கிற புடைப்புத் தையல்தானே? உருவமெல்லாம் எப்படி மேலே எழும்பி நிற்கிறது?

அதேதான், ஆனால் அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளை சாட்டின் மேல் கம்பளி, குதிரை முடி என்று எதையாவது திணித்து மேடாக்குவார்கள்; கை, முகத்துக்குச் சில சமயம் செதுக்கிய மரத்துண்டே இருக்கும். உடையும் பூவிதழும்தான் எனக்குப் பிடித்த இடம். நம் காஜா தையல்தான் அது, ஆனால் ஊசி துணியைக் குத்தாமல் முந்தைய வரிசையின் கண்ணியிலேயே கோத்துக்கொண்டு போகும், அதனால் பாவாடையைத் தூக்கிப் பார்க்கலாம். அரண்மனை ஜன்னலுக்குக் காக்காப்பொன் தகடு வைத்ததும் உண்டு.

அக்கா, எஸ்தரின் கணவர் அகாஸ்வேரு ராஜா ஏன் இங்கிலாந்தின் முதலாம் சார்ல்ஸ் மன்னர் மாதிரி இருக்கிறார்?

எஸ்தர், சாலொமோன், ஆகார் என்று பைபிளில் வரும் யாராக இருந்தாலும் தைத்தவர்கள் காலத்து உடைதான். 1649இல் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டினார்கள் என்பதால் அந்தச் சாயலில் அரச விசுவாசத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. சிலவற்றில் இருக்கலாம். எல்லாவற்றிலும் தேடினால் நமக்குத்தான் தலைவலி.

சிங்கமும் கம்பளிப்பூச்சியும் ஒரே அளவு. வரையத் தெரியாதா?

தெரியாமல் இல்லை. அச்சுப் படங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்ததால் வந்த கோளாறு. லண்டனில் பீட்டர் ஸ்டென்ட் போன்றவர்கள் பூச்சி, பறவை, மிருகப் படங்களை விற்றார்கள். பைபிள் காட்சிகளுக்கு 1585இல் ஆன்ட்வெர்ப்பில் ஜெரார்ட் டி யோட வெளியிட்ட படத்தொகுப்பு கைகொடுத்தது. துணியில் மையால் வரைந்து வாங்கிக்கொள்ளவும் முடியும். அப்புறம், காலி இடம் தெரிந்தால் ஒரு நத்தையையோ வண்ணத்துப்பூச்சியையோ உட்கார வைத்துவிடுவார்கள், அளவைப் பற்றி யாருக்குக் கவலை!

இலைகள் ஏன் நீலம்?

முதலில் பச்சைதான். நீலச் சாயத்தின் மேல் வெல்ட் என்ற செடியின் மஞ்சளை ஏற்றிப் பச்சை வரவழைத்தார்கள், வெளிச்சத்தில் மஞ்சள் மட்டும் வெளுத்துவிட்டது. கறுப்பு நூல் உதிர்வதற்குச் சாயத்திலுள்ள இரும்பு காரணம்.

யார் தைத்தது, கூலிக்கு ஆள் வைத்தா?

அதுவும் உண்டு, ஆனால் நிறைய வேலை வசதியான வீட்டுச் சிறுமிகளுடையது. மார்த்தா எட்லின் 1668இல் எட்டு வயதில் தையல் வகைகளைப் பழகும் வண்ண மாதிரித் துணி ஒன்றை முடித்தாள், 1671இல் ஒரு பெட்டியை மூடும் துணி முழுக்கத் தைத்தாள். இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் இருக்கும் ஹன்னா ஸ்மித்தின் பெட்டியில் அவள் எழுதிய ஒரு கடிதமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் தங்கித் தைத்தபோது கிட்டத்தட்ட 12 வயது, 1656இல் லண்டனில் பெட்டியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள், எப்போது ஆக்ஸ்ஃபோர்டு போனேன் என்பது பிற்பாடு மறந்துபோனால் இந்தத் தாளைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதி வைத்திருக்கிறாள்.